பாப்பான்னே போட்டுக்கோங்க

ஜனவரி 2

நூல் வியாபாரி தறி முதலாளிக்குக் கொடுத்த டைரியை முதலாளி என் வீட்டுக்காரரிடம் தள்ளிவிட்டிருக்கிறார். இவர் எழுதுவது சம்பளத்துக்குப் போடும் கையெழுத்து ஒன்றுதான். "எனக்கெதுக்கு? பாப்பா கிழிச்சு விளையாடட்டும்" என்றார். ப்ளஸ் டூ வரை படித்தவள் ஒருத்தி இந்த வீட்டில் இருக்கிறேன் என்று பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

எழுத ஆரம்பித்தால் முறையாக எழுத வேண்டும். என் பெயர் வேலுத்தாய். ஊர் சத்திரப்பட்டி. இங்கே தறியில் ஓடுவதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி. என் வீட்டுக்காரர் காளிராஜ் தறி ஓட்டுகிறார். அந்தத் துணியை நான் வீட்டில் உட்கார்ந்து சுருள் சுருளாகச் சுற்றிக் கொடுக்கிறேன். மூத்தவள் தர்ஷினி இரண்டாம் வகுப்பு. சின்னவள் பாப்பா, போன ஆடியில் பிறந்தவள்.

பாப்பாவுக்கு மறுபடியும் சளி. நெஞ்சில் கர்கர் என்கிறது.

ஜனவரி 5

பஸ் ஸ்டாப் டாக்டரிடம் போனோம். மூக்கில் புகை வைத்தார்கள். அதற்குத் தனிக் காசு, டாக்டருக்குத் தனி, மருந்துக்குத் தனி, ஆட்டோவுக்குத் தனி. ஒரு வாரம் பேண்டேஜ் சுற்றிய கூலி ஒரு சாயங்காலத்தில் போய்விட்டது. மருந்துக்கடைக்காரன் சில்லறை இல்லை என்று இருமல் மிட்டாய் இரண்டு கொடுத்தான். அதைத் தர்ஷினி தின்றாள். ஒருத்திக்காவது லாபம்.

சீட்டு எழுதுகிற பெண் பெயர் கேட்டாள். "பாப்பான்னே போட்டுக்கோங்க" என்றேன். வேலுத்தாய் பாப்பா என்று எழுதிக்கொண்டாள்.

ஜனவரி 9

காய்ச்சல் விட்டது. பாட்டிலில் பாதி மருந்து மிச்சம். எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த தரத்துக்கு ஆகும்.

ஜனவரி 16

பொங்கல் முடிந்தது. அண்ணன் வீட்டிலிருந்து பொங்கப்படிச் சீர் வரவில்லை. வராது என்று தெரியும். வந்திருந்தால் வாங்கியிருப்பேனா என்பது வேறு.

அண்ணன் மாரிச்செல்வம் ஸ்ரீவில்லிபுத்தூரில் புரோட்டாக் கடை வைத்திருக்கிறான். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. என் வளைகாப்புக்கு வந்தவன் கை நனைக்காமல் எழுந்து போனான். மதினியும் பின்னாலேயே போனாள். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. அப்படி என்ன சொல்லிவிட்டேன்? நாலு பேர் சிரிக்கிற மாதிரி ஒரு வார்த்தை. சிரித்தவர்களை விட்டுவிட்டு என்மேல் மட்டும் கோபம். இருக்கட்டும்.

எங்கள் முறையில் பிள்ளைக்கு வீட்டில் பெயர் வைப்பதில்லை. மலையடிவாரத்து அய்யனார் கோயிலில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, மொட்டை போட்டு, காது குத்தி, மாமன்தான் காதில் மூன்று தரம் பெயரைச் சொல்லவேண்டும். அதுவரை எல்லாப் பிள்ளையும் பாப்பாதான். தர்ஷினிக்கு அண்ணன்தான் சொன்னான். அன்றைக்கு ஊரே சாப்பிட்டது.

தாய்மாமனை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவேண்டும் என்பது முறை. கோபித்துக்கொண்டு போனவன் முதலில் வந்து வாசலை மிதிக்கவேண்டும் என்பதும் முறைதானே?

பிப்ரவரி 4

பாப்பா நீலச் சேலைத் தொட்டிலில்தான் தூங்குகிறாள். என் பருத்திச் சேலையில் கட்டினால் வேர்த்து, கத்தி ஊரைக் கூட்டுகிறாள். நீலச் சேலை மெலிசு, காற்று புகுகிறது. பெட்டியில் சும்மாதான் கிடந்தது. எடுத்துக் கட்டினேன்.

பிப்ரவரி 11

அங்கன்வாடியில் எடை போட்டார்கள். விமலா டீச்சர் தராசைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். "என்னத்தா, போன மாசம் இருந்த மாதிரியே இருக்கா" என்றாள். நான் என்ன செய்ய? ரெண்டு வாய் குடிப்பாள், மூச்சு வாங்கி நிறுத்துவாள், மறுபடி ரெண்டு வாய். அதற்குள் நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்த்துவிடும். பால் குடிக்கவே இத்தனை சோம்பலா, அப்படியே அப்பனை உரித்து வைத்திருக்கிறாய் என்று திட்டினேன். சிரித்தாள். சிரிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் குழி விழும்.

டீச்சரும் பெயர் கேட்டாள். "ரேஷன் கார்டுல சேக்கணும்ல, பெறப்பு சர்டிபிகேட்ல பேரு ஏத்துனாத்தான் அதுக்கே எழுத முடியும்" என்றாள். மாமன் வரணும் டீச்சர் என்றேன்.

மார்ச் 3

பாப்பாவுக்கு நெஞ்சுச்சளி முற்றிவிட்டது. ராஜபாளையத்தில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்திருக்கிறோம். கையில் ஊசி குத்த நரம்பே கிடைக்கவில்லை. தலையில் மயிரை வழித்து அங்கே குத்தினார்கள். இவர் வெளியே போய் நின்றுகொண்டார். நான்தான் காலைப் பிடித்தேன்.

கவுண்டரில், "காப்பீட்டு அட்டை இருக்காம்மா?" என்றார்கள். இருக்கு என்று நீட்டினேன். "இதுல உங்க மூணு பேருதான் இருக்கீங்க. கொழந்த பேரு எங்க?" இல்லை என்றேன். "அப்ப கையில கட்டுங்க."

மார்ச் 7

வீட்டுக்கு வந்துவிட்டோம். என் சங்கிலி வரவில்லை. அடகுக்கடையில் இருக்கிறது. அதோடு இவர் முதலாளியிடம் முன்பணமும் வாங்கியிருக்கிறார், இனி சம்பளத்தில் பிடிப்பார்கள். தர்ஷினியின் பள்ளிக்கூட வேனை நிறுத்திவிட்டோம். நடந்து போகட்டும், காலுக்கு நல்லது என்றேன். "அப்ப நீயும் நடந்து கூட வா" என்றாள். வாய் என்னைப் போல.

இரவு சாப்பிடும்போது இவர் மெதுவாக ஆரம்பித்தார். "ஒரு எட்டு உங்க அண்ணனைப் போய்ப் பாத்துட்டு வந்துருவோமா?"

"ஏன், அவருக்குக் கால் இல்லையா?"

"இல்ல வேலு, பேரு வச்சாத்தான கார்டுல ஏறும். இல்லாட்டி நாமளே ஒரு பேரைச் சொல்லி எழுதிப்புடுவோம்."

"மாமன் இல்லாத அநாதையா என் பிள்ளை?" என்று கேட்டேன். அவர் ரசத்தை ஊற்றிக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

மார்ச் 22

சரக்கு அவசரம் என்று நிறையத் துணி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சுற்றிச் சுற்றி விரல் மரத்துவிட்டது. பாப்பா பக்கத்தில் படுத்துக்கொண்டு துணியின் நுனியை இழுத்து வாயில் வைக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற துணிடி, எச்சில் பண்ணாதே என்றால் இன்னும் இழுக்கிறாள்.

ஏப்ரல் 10

அங்கன்வாடிக்கு டாக்டர்கள் வந்தார்கள். ஒரு சின்ன வயது டாக்டர், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. பாப்பாவின் நெஞ்சில் குழாயை வைத்தவர் எடுக்கவே இல்லை. இன்னொருத்தரைக் கூப்பிட்டு அவரையும் வைத்துக் கேட்கச் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்ன ரேடியோவா கேட்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"இல்லம்மா, இதயத்துல ஒரு சத்தம் கேக்குது. உடனே ஸ்கேன் எடுத்துப் பாத்துருங்க."

ஏப்ரல் 13

ஸ்கேன் எடுத்தோம். பஸ் ஸ்டாப் டாக்டருக்கும் புகைக்கும் நர்சிங் ஹோமுக்கும் கொட்டிக் கொடுத்தது அத்தனையும் வேறு எதற்கோ. பாப்பாவின் இதயத்தில் ஓட்டை இருக்கிறது.

பால் குடிக்கும்போது வேர்க்குமே, அது அதனால்தானாம்.

ஏப்ரல் 14

சித்திரை வருடப் பிறப்பு. பாயசம் வைக்கவில்லை.

ஸ்கேன் எடுத்தவர் சொன்னதை எழுதி வைக்கிறேன். ஓட்டையை ஆபரேஷன் பண்ணி அடைக்கலாம். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டைக்கு இலவசமாகவே செய்கிறார்கள். அட்டை இல்லாமல் போனால் லட்சக்கணக்கில் ஆகும். தள்ளிப்போடக் கூடாது. அட்டையில் பெயர் ஏறவேண்டும். பெயர் ஏற முதலில் பெயர் இருக்கவேண்டும்.

இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கே அண்ணனுக்குப் போன் போடுறேன், போதுமா" என்றேன்.

ஏப்ரல் 15

போன் போட்டேன். ரிங் போனது. இரண்டு ரிங் போனதும் வைத்துவிட்டேன். என் நம்பர் அவனிடம் இருக்கிறது, பார்த்தால் திருப்பிக் கூப்பிட வேண்டாமா?

போன் போட்டாச்சா என்று இவர் கேட்டார். போட்டாச்சு என்றேன். பொய் இல்லை.

ஏப்ரல் 29

கூப்பிடவில்லை. கல்நெஞ்சக்காரன்.

மே 8

இவர் யாரோ சொன்னார்கள் என்று ஒரு டிரஸ்ட் ஆபீசுக்கு அலைந்துவிட்டு வந்தார். அவர்களும் கார்டு கேட்கிறார்களாம். தறியில் இரண்டு ஷிப்ட் பார்க்கிறார். அட்டை இல்லாமலே பணம் புரட்டிவிடலாம் என்று ஒரு நினைப்பு அவருக்கு. எங்கே புரட்ட? என் கம்மலையும் கொடுத்தாகிவிட்டது. அதில் பாப்பாவுக்கு மாதம் முழுக்க மருந்து, நீர் பிரிவதற்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று. சீட்டுப் பணம் கட்டவில்லை. முட்டை வாங்குவதை நிறுத்தியாகிவிட்டது.

ஒவ்வொரு கடையிலும் இதே கேள்வி, பாப்பா பேர் என்ன, பாப்பா பேர் என்ன. எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாலே எரிகிறது.

மே 26

பாப்பா உட்கார ஆரம்பித்துவிட்டாள். தலையணை முட்டுக் கொடுத்தால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, தான் ஏதோ பெரிய வேலை செய்துவிட்ட மாதிரி எங்களைப் பார்க்கிறாள். தர்ஷினி கை தட்டினாள். நானும் தட்டினேன்.

ஜூன் 6

இன்றைக்கு அழும்போது பாப்பாவின் உதடு நாவல்பழம் தின்ற நிறத்துக்குப் போய்விட்டது. நகமும். தோளில் போட்டுத் தட்டித் தட்டித்தான் பழைய நிறத்துக்கு வந்தாள்.

இவர் தறியிலிருந்து ஓடிவந்து அவளை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலேயே கேட்டார்.

"வேலு, நீ உங்க அண்ணன்கிட்ட பேசுனியா இல்லையா?"

நான் குனிந்து பாப்பாவின் நெற்றியைத் துடைத்தேன்.

"சரி விடு. சேலையை மாத்து. பஸ்ஸுக்குப் போவோம்."

ஜூன் 7

போய்விட்டு வந்தோம்.

வழியில் வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் வாங்கித் தட்டில் வைத்தேன். கடை வாசலில் அண்ணன் மாவு தட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. இடது கையில் முழங்கையிலிருந்து விரல் வரை தீக்காயத் தழும்பு. எனக்கு அது தெரியாது.

நான் பேச வாய் எடுப்பதற்குள் கோமதி மதினி உள்ளேயிருந்து வந்துவிட்டாள். "வாங்க அண்ணே" என்று இவரைக் கூப்பிட்டாள். என்னைக் கூப்பிடவில்லை.

"இப்பத்தான் வழி தெரிஞ்சதா? ஒங்க வளைகாப்புக்கு ரெண்டு மாசம் முன்னாடி கல்லுல எண்ணெ கொதிச்சு இந்த மனுசன் கையி வெந்துபோயி கெடந்தாரு. கடையே தெறக்கல. தெரிஞ்சா மாசமா இருக்கிற பிள்ள பயந்துரும், சொல்லாதன்னாரு. கைய சட்டைக்குள்ள மறச்சுக்கிட்டு, கடன வாங்கி அந்த நீலச் சேலைய எடுத்துட்டு வந்தா, நடு வீட்டுல நின்னு என்ன கேட்டீங்க? 'இது சேலையா? எங்க ஊரு பேண்டேஜ் துணி இதவிடத் தடிமனா இருக்கும், இத எந்தப் புண்ணுல கட்ட'ன்னீங்க. அத்தன பொம்பளையும் சிரிச்சாளுக."

"விடு கோமதி" என்றான் அண்ணன்.

"அன்னைக்கு ஒங்க மிஸ்டுகால் வந்துச்சுல்ல, அதுலருந்து இந்தப் போனக் கையவிட்டு எறக்கல இவரு. நாம கூப்புட்டா என்ன சொல்லிருவாளோன்னு பயம். எனக்கு ஒண்ணு சொல்லுங்க, அண்ணனுக்குத் தங்கச்சிகிட்டப் பேசப் பயமா இருக்கலாமா?"

தட்டை நீட்டினேன். அதற்குள் இவர் பாப்பாவின் விஷயத்தைச் சொல்லிவிட்டார். ஓட்டை என்ற வார்த்தையைக் கேட்டதும் மதினி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அண்ணன் கையைக்கூடக் கழுவவில்லை, மாவுக் கையோடு பாப்பாவை வாங்கினான். அங்கேயே கடைப் பெஞ்சில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டான்.

"கோயிலுக்கு அப்பறம் போலாம். ஆபரேசன் முடிஞ்சு மொட்ட போட்டு, காது குத்தி எல்லாம் பண்ணுவோம். பேர இப்ப சொல்லிருறேன். அய்யனார் கோவிச்சுக்க மாட்டாரு."

பாப்பாவின் காதில் வாய் வைத்துச் செண்பகவல்லி, செண்பகவல்லி, செண்பகவல்லி என்றான். எங்கள் அம்மா பெயர். பாப்பா அவன் மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

மதினி உள்ளே போய் ஒரு சின்ன டப்பாவை எடுத்து வந்து திறந்து காட்டினாள். பட்டாணி அளவுகூட இல்லாத கம்மல் ஒரு ஜோடி. பாப்பா பிறந்த வாரமே அண்ணன் வாங்கிவிட்டானாம்.

ஜூன் 8

நகராட்சி ஆபீசுக்கு அண்ணனும் வந்தான். சர்டிபிகேட்டில் பெயர் ஏற்ற மனு கொடுத்தோம். கவுண்டரில் இருந்தவர் ஒரு முறை வாய்விட்டுப் படித்து, நல்ல பேரு என்றார். வேலை ரொம்பச் சுலபம். இவ்வளவுதானா என்றிருந்தது.

ஜூன் 30

பெயர் ஏறிய சர்டிபிகேட் வந்துவிட்டது. அதை வைத்து ரேஷன் கார்டில் சேர்க்க விண்ணப்பித்தோம், காப்பீட்டுக்கும் அந்தக் கார்டில் இருக்கிற பெயர்தான் கணக்கு. கார்டு அச்சாகி வர நாளாகும், ஆனால் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போதும் என்கிறார்கள். ஏற வேண்டும்.

அண்ணன் இன்று வீட்டுக்கு வந்தான். கடையில் செய்த புரோட்டாவும் சால்னாவும் தூக்கில் கொண்டுவந்தான். தர்ஷினிக்குக் கொண்டாட்டம். பாப்பா தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆட்டிவிடப் போனவன் நின்றுவிட்டான். நீலச் சேலையை விரலால் நீவிப் பார்த்தான்.

"இதுலதான் நல்லாத் தூங்குறா. மத்ததுல போட்டா வேர்க்குதுண்ணே" என்றேன்.

"ம்" என்றான். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே நின்றான்.

ஜூலை 15

கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. நாளைக்கு மதுரை.

ஜூலை 16

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளவேண்டும் போல இருக்கிறது. காலையிலேயே போய் டோக்கன் போட்டு உட்கார்ந்தோம். கூட்டமென்றால் கூட்டம், எல்லார் மடியிலும் இப்படி ஒரு பிள்ளை. நர்ஸ் வந்து "செண்பகவல்லி" என்று கூப்பிட்டாள். அட, அம்மா பெயரில் இங்கேயும் ஒரு ஆள் இருக்கிறார் என்று நினைத்தேன். மறுபடியும் கூப்பிட்டாள். யாரந்தப் பொம்பளை, காது கேட்காதா என்று இவரிடம் சொன்னேன். இவரும் சுற்றிப் பார்த்தார். மூன்றாம் தரமும் கூப்பிட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டாள்.

டீ வாங்கப் போயிருந்த அண்ணன் வந்துதான், "நம்ம பாப்பாவடி கூப்புடுறாக!" என்று கத்தினான்.

ஓடினோம். கடைசியில்தான் பார்ப்போம் என்று உட்கார வைத்துவிட்டார்கள். சாயங்காலம் ஆகிவிட்டது. பிள்ளைக்குப் பெயர் வைத்தால் போதுமா, அதைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக வேண்டாமா? வரும்போது பஸ்ஸில், செண்பா, செண்பா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பவே இல்லை. பாப்பா என்றேன், உடனே திரும்பினாள்.

ஜூலை 17

நேற்று டாக்டரம்மா சொன்னதை எழுதவில்லை. எழுதுகிறேன்.

"ஓட்டை வழியா ரத்தம் நுரையீரலுக்கு அதிகமாப் பாஞ்சுபாஞ்சு அங்க அழுத்தம் ஏறியிருக்கும்மா. மூணு நாலு மாசம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா இவ்வளவு பயப்பட வேண்டியதில்ல. இருந்தாலும் பண்ணலாம். பண்ணித்தான் ஆகணும்."

மூன்று நாலு மாதத்துக்கு முன்னால் என்றால் சித்திரை. சித்திரையில் என்ன எழுதியிருக்கிறேன் என்று நான் பின்னால் புரட்டிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 5

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். ஒரு பைசா கேட்கவில்லை. பழக்கதோஷத்தில் இவர் மட்டும் ஒவ்வொரு கவுண்டரிலும் பையில் கைவிட்டுக்கொண்டே நிற்கிறார்.

ஆகஸ்ட் 7

நாளைக்குக் காலையில் ஆபரேஷன். மதினி கம்மல் டப்பாவை இடுப்பில் முடிந்துகொண்டு வந்திருக்கிறாள். பாப்பா டிஸ்சார்ஜ் ஆனதும் அப்படியே கோயிலுக்குப் போய்க் காது குத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டுமாம். அண்ணன் கிடா நேர்ந்திருக்கிறான். இந்தக் கூட்டத்துக்கு ஆபரேஷனைவிடக் காதுகுத்துதான் பெரிய பேச்சு. நானும் பேசினேன். எந்தச் சேலை கட்டுவது என்று மதினி கேட்டாள். நீலச் சேலைதான் என்றேன். தொட்டிலை அவிழ்க்க விடுவாளா உன் மக என்று சிரித்தாள்.

இரவு ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றார்கள். பாலுக்கு அழுதாள். விரலைக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 8

முடிந்தது. ஓட்டையை அடைத்துவிட்டார்கள். கண்ணாடி வழியாகக் காட்டினார்கள். இத்தனை குழாய்க்கு நடுவில் இத்தனூண்டு பிள்ளை. நெஞ்சில் நடுவாக வெள்ளைத் துணி. இழையைப் பார்த்தேன், நம் ஊர்த் துணி மாதிரிதான் இருந்தது. நான் சுற்றியதாகக்கூட இருக்கலாம். அவள் எச்சில் பண்ணிய துணியாகக்கூட இருக்கலாம்.

அய்யனாரே.

ஆகஸ்ட் 9

கண் திறக்கவில்லை. மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறோம் என்கிறார்கள். அழுத்தம் இறங்கவேண்டும் என்கிறார்கள்.

ஆகஸ்ட் 10

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இவர் தூணில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். கதவு திறந்தது.

"செண்பகவல்லிக்கு யாரு வந்திருக்கீங்க?"

ஒரே தரம்தான் கூப்பிட்டாள். நான் உடனே எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11

நேற்று பாப்பாவை வேனில் கொண்டுவந்தோம். ஆஸ்பத்திரியில் எதற்குமே காசு வாங்காதவர்கள். வேனுக்கு மட்டும் நாங்கள் கொடுத்தோம். இவர் பையில் கை விட்டார், அண்ணன் தடுத்துவிட்டுத் தான் கொடுத்தான்.

அண்ணன் வழி முழுக்க அவளை மடியிலேயே வைத்திருந்தான். நான் கேட்டும் தரவில்லை. கோயிலுக்குத் திரும்புகிற வளைவு வந்ததும், "கொஞ்சம் நிப்பாட்டுங்க தம்பி" என்றான். டிரைவர் நிறுத்தினார். யாரும் இறங்கவில்லை. தீட்டோடு கோயில் பக்கம் இறங்கக் கூடாது. அங்கேயிருந்து பார்த்தால் அய்யனாரின் குதிரைத் தலை மட்டும் மரத்துக்கு மேலே தெரியும். அண்ணன் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னான். பிறகு போகலாம் என்றான்.

மதினி இடுப்பு முடிச்சை அவிழ்க்கவே இல்லை.

நீலச் சேலையில்தான் சுற்றினோம். நான்தான் சொன்னேன். தொட்டிலை அவிழ்க்கும்போது முடிச்சு இறுகிப்போய்க் கிடந்தது. அண்ணன் பல்லால் கடித்து இழுத்தான். அந்தச் சேலை எங்கேயும் கிழியவில்லை. இத்தனை மாதம் ஒரு பிள்ளையைத் தாங்கி ஒரு இழைகூட விடவில்லை.

செப்டம்பர் 3

பேண்டேஜ் துணி கொண்டுவந்து போட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாது, அடகுக்கடை வட்டி இருக்கிறது. சுற்றினேன்.

தர்ஷினியின் வேனை மறுபடி ஏற்பாடு செய்யலாமா என்று இவர் கேட்டார். இப்போது மருந்துச் செலவு இல்லையே என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. செய்யலாம் என்றேன்.

செப்டம்பர் 19

இவர் என்மேல் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் நானும் பேசியிருப்பேன், சண்டை போட்டு அழுதிருப்பேன். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கு நானே கேட்டேன், "நான் அன்னைக்கு ரெண்டு ரிங்குல வச்சுட்டேங்க, தெரியுமா?"

"தெரியும்" என்றார். "ஒன் போனப் பாத்தேன். அன்னைக்கே."

"பெறகு ஏங்க கேக்கல?"

"நானாவது கூப்பிட்டிருக்கலாம்ல. ஒன் அண்ணன் நம்பர் ஏங்கிட்டயும்தான இருக்கு."

சோறு ஆறிப்போனது.

அக்டோபர் 4

புது ரேஷன் கார்டு வந்துவிட்டது. பின்பக்கம் நான்கு பெயர். கடைசிப் பெயர் செண்பகவல்லி, மகள்.

ரேஷன் கடையில் மெஷினில் கார்டைக் காட்டியதும் கடைக்காரர் சிரித்தார். "பேரு சேத்தாச்சு போல. பாப்பாவுக்கு அரைக் கிலோ சக்கரை கூடம்மா, இனிமே ரெண்டு கிலோ. பையை அகலமாப் பிடிங்க."

பிடித்தேன்.

வீட்டுக்கு வந்து கொட்டும்போது தர்ஷினி, "ஏம்மா இந்த மாசம் இம்புட்டு?" என்றாள். பாப்பா பங்கு என்றேன். அவள் விரலை விட்டு நக்கப் போனவள், வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். தின்னுடி, உனக்குத்தான் என்றேன்.

இவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாலுகா ஆபீசுல எழுதிக் குடுத்துப் பேர எடுக்கணும் வேலு. இல்லாட்டித் தப்பு" என்றார்.

"வைக்கிறதுக்கு அத்தனை நாளாக்குனோம். எடுக்கிறதுக்கு மட்டும் என்ன அவசரம்?" என்றேன்.

அவர் சர்க்கரை டப்பாவை மூடி எடுத்துப்போய் மேலே வைத்தார்.